பந்து உருண்டைதான், அதுக்கு எத்தனை சதவிகிதம்னு சொல்லுங்க!

உலகக் கோப்பை, யூரோ, கோபா அமெரிக்கான்னு எது வந்தாலும் கூடவே ஒரு சீசன் வியாதியும் வந்துடுது. அதுக்குப் பேரு "முன்னோட்டம்". ரெண்டு நாட்டு அணிகள் மோதப் போகுதுன்னா முந்தின நாளே ஆளாளுக்கு உட்கார்ந்து "வெற்றி யாருக்கு?" அப்படின்னு ஒண்ணு எழுதிடுவாங்க. பத்திரிகை நிருபர், டிவியில கோட்டு மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற முன்னாள் ஆட்டக்காரர், நம்ம பதிவர் நண்பர்கள்னு ஒருத்தர் பாக்கி கிடையாது.

எழுதறது தப்பில்லைங்க. ராத்திரி ஒன்றரை மணி ஆட்டத்துக்கு அலாரம் வெச்சு எழுந்து, மறுநாள் ஆபீஸ்ல கண்ணு சொருகச் சொருக ஆணி புடுங்கறவன்தான் நானும். முன்னோட்டம்னு தலைப்பைப் பார்த்தா முதல்ல போய்ப் படிக்கிறவனும் நான்தான். எனக்குக் கடுப்பு என்னன்னா, இத்தனை வருஷமா ஒரே முன்னோட்டத்தைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். நாட்டோட பேர் மட்டும் மாறுது. பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா அது கட்டுரை இல்லை, டெம்ப்ளேட். ரெண்டு நாட்டுப் பேரை உள்ள தள்ளினா மிச்சம் தானா அச்சாகி வந்துடும்.

டெம்ப்ளேட் இதுதான்:

1. இந்த ரெண்டு அணியும் இதுவரை இத்தனை தடவை மோதியிருக்கு. இவங்க இத்தனை, அவங்க இத்தனை.
2. இவங்களுக்கு இது சொந்த மண். (அல்லது: கடைசி இத்தனை ஆட்டமா இவங்க தோத்ததே இல்லை.)
3. இவங்ககிட்ட ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் இருக்கார்.
4. ஆகவே இவங்கதான் ஜெயிப்பாங்க.
5. ஆனாலும் பந்து உருண்டையானது, எதுவும் நடக்கலாம்!

அந்த அஞ்சாவது பாயிண்ட்டைக் கவனிங்க. நாலாவது வரியில ஜோசியம், அஞ்சாவது வரியில முன்ஜாமீன். ஜெயிச்சா "நான் அப்பவே சொன்னேன்ல". தோத்தா "எதுவும் நடக்கலாம்னுதானே எழுதியிருந்தேன்". தோற்கவே முடியாத ஆட்டம்னு உலகத்துல ஒண்ணு இருந்தா, அது முன்னோட்டம் எழுதறதுதான்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். "யார் ஜெயிப்பாங்க"ன்னு சொல்றது கணிப்பே இல்லை. எத்தனை சதவிகிதம்னு சொல்லி, சொன்னதுக்குக் கணக்கு வெச்சுக்கறதுதான் கணிப்பு. மத்ததெல்லாம் ஜல்லி. வெறும் ஜல்லியோட போனா நானும் சிரிச்சுட்டுப் போயிடுவேன். ஆனா இந்த ஜல்லி சில ஆட்டக்காரங்க தலையில விழுந்திருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

ஒரு முன்னோட்டத்தைப் பிரிச்சு மேயலாம்

2014 ஜூலை 8. பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டே நகரம், மினேய்ரோ மைதானம். உலகக் கோப்பை அரையிறுதி, பிரேசிலும் ஜெர்மனியும். ஆட்டத்துக்கு முந்தின நாள் நம்ம டெம்ப்ளேட்டை ஓட்டினா என்ன வரும்?

முதல் பாயிண்ட், நேருக்கு நேர் சரித்திரம். உலகக் கோப்பையில ரெண்டும் அதுக்கு முன்னாடி மோதினது ஒரே ஒரு தடவை. 2002 இறுதியாட்டம். ரொனால்டோ ரெண்டு கோல், பிரேசில் 2-0. ஆக பிரேசில் பக்கம் ஒரு டிக். ஆனாப் பாருங்க, 2002 இறுதியில ஆடி 2014லயும் களத்துல நின்னவர் ஜெர்மனியோட க்ளோசே ஒருத்தர்தான். பிரேசில் பக்கம் ஒருத்தர் கூட இல்லை. பயிற்சியாளர் ஸ்கோலாரி மட்டும் அதே ஆள். அப்போ மறுபடி மோதினது யாரு? சட்டையா? பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின வெர்ஷன்ல என்ன ஓடிச்சுன்னு பார்த்து இன்னிக்கு ரிலீஸை ஓகே பண்ற டெஸ்டரை எந்த ஆபீஸ்லயாவது வெச்சிருப்பாங்களா?

ரெண்டாவது, சொந்த மண். நட்பு ஆட்டங்களைத் தள்ளிட்டுப் பார்த்தா, பிரேசில் சொந்த மண்ணுல கடைசியாத் தோத்தது 1975ல. கோபா அமெரிக்காவுல பெருகிட்ட 1-3. அதுக்கப்புறம் 62 ஆட்டம், தோல்வியே இல்லை. கேட்கவே மிரட்டலா இருக்கு இல்ல? இப்ப ரெண்டு கேள்வி. அந்த 62ல ஜெர்மனியோட ஆடினது எத்தனை? பூஜ்யம். 2014 பிரேசில் அணியிலயே வயசுல மூத்தவர் கோல்கீப்பர் ஜூலியோ சீசர், அவர் பொறந்தது எப்போ? 1979ல. தான் பொறக்கறதுக்கு முன்னாடி ஆரம்பிச்ச கணக்கை வெச்சு அந்தாளு எப்படிங்க பந்தைத் தடுப்பாரு? இதுல தமாஷ் என்னன்னா, 1975ல பெருகிட்ட தோத்ததும் இதே மினேய்ரோ மைதானத்துலதான். அதை வெச்சு "ராசியில்லாத மைதானம்"னு ஒருத்தர் எதிர்ப்பக்கம் முன்னோட்டம் எழுதியிருந்தா அதுவும் இதே அளவு ஜல்லிதான்.

மூணாவது, நட்சத்திரம். கால் இறுதியில கொலம்பியாகூட ஆடும்போது முதுகுல முட்டி பட்டு, முதுகெலும்புல முறிவோட நெய்மார் வெளியே. கேப்டன் தியாகோ சில்வா மஞ்சள் அட்டைக் கணக்குல அரையிறுதிக்குத் தடை. ஊரே நெய்மாருக்கு அழுதது. ஆட்டத்துக்கு முன்னாடி தேசிய கீதம் பாடும்போது டேவிட் லூயிஸும் ஜூலியோ சீசரும் நெய்மாரோட சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. தற்காப்புக்கு நடுவுல நிக்க வேண்டிய ஆள் இல்லைங்கறது ரெண்டாம் பட்சமாப் போச்சு. கோல் போடறவன் இல்லைன்னா அது சோகக் கதை, கோலைத் தடுக்கறவன் இல்லைன்னா அது வெறும் துணுக்குச் செய்தி. முன்னோட்டம் எழுதறவங்களுக்குக் கதைதான் வேணும்.

நடந்தது உங்களுக்கே தெரியும். 11வது நிமிஷம் முல்லர், 23 க்ளோசே, 24லயும் 26லயும் க்ரூஸ், 29 கெடிரா. ஆறே நிமிஷத்துல நாலு கோல். இடைவேளைக்கு 5-0. அப்புறம் ஷுர்லே ரெண்டு, கடைசியில ஆஸ்கர் ஒண்ணு. 7-1.

மறுநாள்தான் பெரிய கூத்து. அத்தனை பேருக்கும் காரணம் தெரிஞ்சிருந்தது! "நெய்மார் இல்லை, நடுக்களம் காலி, உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, ஜெர்மனியோட பத்து வருஷத் திட்டம்" இப்படி. ஜூலை 7ல ஒருத்தர் கண்ணுக்கும் படாத திட்டம் ஜூலை 9ல எல்லார் கண்ணுக்கும் பட்டுடுச்சு.

அதே அணி ஜூன் 28ல அதே மைதானத்துல சிலிகிட்டத் தப்பிச்சது எப்படின்னு ஞாபகம் இருக்கா? 1-1னு கூடுதல் நேரம் முடியப் போற கடைசி நிமிஷம், சிலியோட பினில்லா அடிச்ச பந்து குறுக்குக் கம்பத்துல பட்டுத் திரும்பிச்சு. அப்புறம் பெனால்ட்டியில பிரேசில் பிழைச்சது. அந்தப் பந்து கொஞ்சம் தாழ்வாப் போயிருந்தா அரையிறுதியே கிடையாது, 7-1 கிடையாது, பத்து வருஷத் திட்டம் பத்தி அத்தனை கட்டுரையும் கிடையாது. ஒரு கம்பத்தோட தடிமன்ல தொங்கற விஷயத்துக்கு "ஆகவே இவங்கதான் ஜெயிப்பாங்க"ன்னு எழுத எவ்வளவு தைரியம் வேணும்!

கொஞ்சம் கணக்கு (பயப்படாதீங்க)

நாலு வருஷ இன்ஜினியரிங்ல உருப்படியா மனசுல தங்கினது ப்ராபபிலிட்டி பேப்பர் ஒண்ணுதான். அதை வெச்சு சொல்றேன்.

2014 உலகக் கோப்பையில 64 ஆட்டத்துல 171 கோல். 2018ல 169. 2022ல 172. ஆட்டத்துக்கு சராசரியா ரெண்டரைக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு அணியும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஓடி ரெண்டரை கோல்! பேஸ்கட்பால்ல ஒரு ஆட்டத்துல நூத்துக்கணக்குல பாயிண்ட் விழும். அங்க அதிர்ஷ்டம் ரெண்டு பக்கமும் சமமாயிடும், நல்ல அணி மேல வந்துடும். கால்பந்துல சமமாகறதுக்குள்ள விசில் ஊதிடறாங்க.

ஒரு பலமான அணி சராசரியா 1.8 கோல் போடும், எதிரணி 0.7 கோல்தான் போடும்னு வெச்சுக்கோங்க. ரெண்டரை மடங்கு வித்தியாசம். மலைக்கும் மடுவுக்கும் உள்ள மாதிரி இல்ல? பாய்சான் சூத்திரத்துல போட்டுப் பாருங்க, எக்செல்லே போதும். பலமான அணி ஜெயிக்க 64%, டிரா 22%, தோற்க 14%. அதாவது மூணு ஆட்டத்துல ஒண்ணுக்கு மேல பலசாலி ஜெயிக்காமத் திரும்புவான். ஏழுக்கு ஒண்ணு தோத்தே போவான். இதுல யாரும் சொதப்ப வேண்டியதில்லை, சதி வேண்டியதில்லை, ராசி வேண்டியதில்லை. கணக்கே அப்படித்தான்.

இந்தச் சூத்திரத்துலயும் ஓட்டை இருக்கு. ஒரு கோலுக்கும் அடுத்த கோலுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அது நம்புது. மினேய்ரோவுல மூணாவது கோல் விழுந்ததும் பிரேசில்காரங்க நிலைகுலைஞ்சதைப் பார்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு தெரியும். இருந்தாலும் ஓட்டை எங்கேன்னு கைகாட்ட முடியுது பாருங்க, அதுதான் எண்ணோட பெருமை. "பாரம்பரியம்", "வெறி", "மனோபலம்" இதுல எல்லாம் ஓட்டை எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

லுசைல்ல நடந்தது

2022 நவம்பர் 22, கத்தாரின் லுசைல் மைதானம். அர்ஜென்டினாவும் சவுதி அரேபியாவும். டெம்ப்ளேட்டுக்கு இதை விட லட்டு மாதிரி ஆட்டம் கிடைக்காது. அர்ஜென்டினா 36 ஆட்டமா தோக்கலை. தரவரிசையில 3, சவுதி 51. மெஸ்ஸி இந்தப் பக்கம். 10வது நிமிஷமே மெஸ்ஸி பெனால்ட்டியில கோல். அப்புறம் முதல் பாதியிலயே மூணு தடவை வலைக்குள்ள பந்து போச்சு, மூணும் ஆஃப்சைடு. சவுதி பயிற்சியாளர் ரெனார் தற்காப்பு வரிசையை மைதானத்து நடு வரைக்கும் ஏத்தி வெச்சு உயிரைப் பணயம் வெச்சார். இடைவேளை முடிஞ்சு வந்ததும் 48ல அல் ஷெஹ்ரி, 53ல அல் தவ்சாரி. 2-1. சவுதியில மறுநாள் அரசு விடுமுறை!

கிரேஸ்நோட்னு ஒரு புள்ளிவிவர நிறுவனம் இந்த ஆட்டத்துல சவுதி ஜெயிக்க 8.7% வாய்ப்புன்னு கணக்குப் போட்டிருந்தது. உலகக் கோப்பை வரலாற்றுலயே பெரிய அதிர்ச்சி இதுதான்னாங்க. அதுக்கு முன்னாடி முதலிடத்துல இருந்தது 1950ல அமெரிக்கா இங்கிலாந்தை 1-0ன்னு சாய்ச்ச ஆட்டம், 9.5%.

8.7%ன்னா என்ன அர்த்தம்? இதே மாதிரி ஆட்டம் பன்னிரண்டு வெச்சா ஒண்ணுல சவுதி ஜெயிக்கும். நடக்காதுன்னு அர்த்தம் இல்லை, அடிக்கடி நடக்காதுன்னு அர்த்தம். குரூப் சுற்றுல மட்டும் 48 ஆட்டம். அதனாலதான் மறுநாள் ஜப்பான் ஜெர்மனியைச் சாய்ச்சது, அப்புறம் ஸ்பெயினையும் சாய்ச்சது. துனிசியா ஃபிரான்ஸை, கேமரூன் பிரேசிலை, தென் கொரியா போர்ச்சுகலை. ஒவ்வொண்ணும் தனியாப் பார்த்தா அதிர்ச்சி. மொத்தமாப் பார்த்தா, கணக்குப்படி ஏதோ சில வந்தே ஆகணும்.

இன்னொண்ணும் கவனிங்க. அதே சவுதி அடுத்த ரெண்டு ஆட்டமும் தோத்து குரூப்ல கடைசி. அதே அர்ஜென்டினா டிசம்பர் 18ல கோப்பையைத் தூக்கிச்சு. அர்ஜென்டினா பலமான அணின்னு சொன்னவங்க சொன்னது சரி. "ஆகவே இந்த ஆட்டம் அவங்களுக்குத்தான்"னு தாவினதுதான் கோளாறு. ரெண்டும் வேற வேற வாக்கியம் சாமி!

"சதவிகிதம் சொல்றதும் தப்பிக்கற வழிதானே?"

கண்டிப்பா இப்படி ஒருத்தர் கேட்பார். கேட்கணும். "65ன்னு சொல்லிட்டு, தோத்தா 35 நடந்துடுச்சுன்னு சொல்லிக்கலாமே, இதுவும் முன்ஜாமீன்தானே?"

ஒரே ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்தா ஆமாம். ஆனா கணக்கு நோட்டு வெச்சுப் பார்த்தா இல்லை. நீங்க 65ன்னு சொன்ன ஆட்டங்களை எல்லாம் ஒண்ணாச் சேருங்க. நூறு ஆட்டம் இருந்தா கிட்டத்தட்ட 65ல நீங்க சொன்ன அணி ஜெயிச்சிருக்கணும். 45தான்னா உங்க 65 பொய். 90ன்னாலும் உங்க 65 பொய்தான். இதுல தப்பிக்க முடியாது.

மழை வருமா வராதான்னு சொல்ற வானிலைக்காரங்க இதை எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க. க்ளென் பிரையர்னு ஒரு வானிலை ஆய்வாளர் 1950லயே ஒரு மதிப்பெண் முறையை எழுதி வெச்சார். ரொம்ப சிம்பிள். நாக் அவுட் ஆட்டம்னு வெச்சுக்கோங்க. நீங்க ஜெயிக்கும்னு சொன்ன அணி ஜெயிச்சா 1, தோத்தா 0. அதுல இருந்து நீங்க சொன்ன எண்ணைக் கழிச்சு வர்க்கம் எடுங்க. மதிப்பெண் குறைய குறைய நல்லது. 2014 அரையிறுதியில "பிரேசில்தான்" அப்படின்னு அடிச்சுச் சொன்னவர் சொன்னது 100%, அவருக்கு முழுசா 1. 65%ன்னு சொன்னவருக்கு 0.42. "தெரியலைப்பா, காசு சுண்டிக்கோ"ன்னவருக்கு 0.25.

இதுல ஒரு அழகு இருக்கு. வருஷம் பூரா காசு சுண்டறவனுக்கு சராசரி எப்பவுமே 0.25தான். இருபது ஆட்டம் எழுதி உங்க சராசரி அதுக்கு மேல போனா, முன்னோட்டத்தை விட ஒரு ரூபா காசே தேவலைன்னு அர்த்தம். எத்தனை "நிபுணர்கள்" இந்தப் பரீட்சைக்குத் தயார்?

அந்த 65% நானா இட்டுக்கட்டினது இல்லை. நேட் சில்வரோட தளம் நெய்மார் இல்லாமலும் பிரேசிலுக்கு 65%னு போட்டிருந்தது. 7-1 முடிஞ்சதும் அவரைக் கும்மாத ஆள் இல்லை. ஆனா அவர் அன்னிக்கே உட்கார்ந்து தன்னோட எண்ணை எடுத்து வெச்சு இது எவ்வளவு தூரம் எதிர்பாராததுன்னு விளக்கி எழுதினார். திட்டறதுக்கு அங்க ஒரு எண் இருந்தது. "ஆகவே பிரேசில், ஆனாலும் பந்து உருண்டை" கோஷ்டியைத் திட்ட எதைப் பிடிக்கிறது?

படிக்கிற நமக்கும் இதுல பாடம் உண்டு. 2018ல யுபிஎஸ் வங்கி உலகக் கோப்பை வாய்ப்புகளைக் கணக்குப் போட்டு ஜெர்மனிக்கு 24% கொடுத்தது. எல்லா அணியிலயும் அதுதான் அதிகம். அதுக்கு அர்த்தம் "ஜெர்மனி ஜெயிக்கும்" இல்லை. நாலுக்கு மூணு பங்கு ஜெர்மனி ஜெயிக்காதுன்னு அர்த்தம்! ஜெர்மனி கசான் நகரத்துல தென் கொரியாகிட்ட 0-2 தோத்து குரூப்ல கடைசியா வந்து, 1938க்கு அப்புறம் முதல் தடவையா முதல் சுற்றுலயே வெளியே போச்சு. சிரிச்சவங்க 24ஐ 100ன்னு படிச்சவங்க.

எட்டுக்கால் ஜோசியர்

நிபுணர்னா 2010 பால் ஆக்டோபஸ்தான் நிபுணர். ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் ஊர் மீன் காட்சியகத்துல ரெண்டு பெட்டி, ரெண்டு கொடி, உள்ளே இரை. ஜெர்மனி ஆடின ஏழு ஆட்டம், அப்புறம் ஸ்பெயின் நெதர்லாந்து இறுதி. எட்டுக்கு எட்டு சரி. 256ல ஒரு வாய்ப்பு. கேட்கவே புல்லரிக்குது இல்ல?

ஆனா உலகம் பூரா எத்தனை மிருகக்காட்சி சாலை, எத்தனை கிளி, யானை, ஆமை, ஜோசியம் சொல்லுதுன்னு யோசிங்க. 256 ஜந்து இருந்தா ஒண்ணு எட்டுக்கு எட்டு அடிக்கத்தான் செய்யும். டிவியில காட்டப்படறது அந்த ஒண்ணு மட்டும். மனுஷ நிபுணர்களும் இதே கதைதான். ஆயிரம் பேர் சொல்றாங்க, பலிச்சவரைக் கூப்பிட்டுப் பேட்டி எடுக்கறோம். அதே பால் 2008 யூரோவுல ஆறுல நாலுதான் சரி. பாவம், அதுவாவது "பந்து உருண்டையானது"ன்னு பின்குறிப்பு போட்டுக்கலை :-)

விளையாட்டு வினையாகும்போது

"சும்மா ஜாலிக்கு எழுதறதுய்யா, இதுக்குப் போய் வர்க்கம் வகுத்தல்னு"ங்கறீங்களா? இப்ப 1950க்கு வாங்க.

1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம். கடைசி ஆட்டம், பிரேசிலும் உருகுவேயும். பிரேசிலுக்கு டிரா செஞ்சாலே கோப்பை. அதுக்கு முன்னாடி ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1ன்னு துவைச்சுட்டு வந்திருக்காங்க. உருகுவே அதே ஸ்பெயின்கிட்ட 2-2 டிரா, ஸ்வீடன்கிட்ட 3-2ன்னு தட்டுத்தடுமாறி வந்திருக்கு. எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் பிரேசில் பக்கம்தான் பெரிசா சாஞ்சிருக்கும், அதுல சந்தேகம் இல்லை. ஆனா ஊர் எண்ணைப் போடலை. ஆட்டத்துக்கு முன்னாடியே ரியோ பத்திரிகை ஒண்ணு அணியோட படத்தைப் போட்டு இவங்கதான் உலகச் சாம்பியன்கள்னு அச்சடிச்சது. மைதானத்துல மேயர் வீரர்களைச் சாம்பியன்களாவே வாழ்த்திப் பேசினார். ஒன்றே முக்கால் லட்சம் பேர் கூட்டம், ஆட்டம் பார்க்க வந்ததை விடக் கொண்டாட வந்தது.

47ல ஃப்ரியாசா, பிரேசில் 1-0. 66ல உருகுவேயோட கிஜ்ஜியா வலது பக்கம் ஓடிவந்து நடுவுல தள்ளிவிட, ஸ்கியாஃபினோ அடிச்சு 1-1. 79ல அதே கிஜ்ஜியா அதே பக்கம் மறுபடி ஓடி வர்றார். கோல்கீப்பர் பார்போசா என்ன செய்வார்? பதிமூணு நிமிஷத்துக்கு முன்னாடி இந்தாளு நடுவுல தள்ளினார், இப்பவும் தள்ளுவார்னு ஒரு அடி விலகி நின்னார். கிஜ்ஜியா தள்ளலை, விலகின சந்துல நேரா அடிச்சுட்டார். 2-1.

யோசிச்சுப் பாருங்க, அந்த மைதானத்துல அன்னிக்கு ஒழுங்கா யோசிச்சுக் கணிச்ச ஆள் பார்போசாதான். கையில இருந்த தகவலை வெச்சு, அரை நொடியில, எது அதிகம் நடக்குமோ அதுக்குத் தயாரானார். குறைவான வாய்ப்பு நடந்துடுச்சு. நாள் கணக்குல உட்கார்ந்து நூத்துக்கு நூறுன்னு எழுதினவங்களை ஒருத்தரும் ஒண்ணும் கேட்கலை. அரை நொடி கணிச்சவரை சாகற வரைக்கும் கேட்டாங்க. 1993ல தேசிய அணியோட பயிற்சியைப் பார்க்கப் போனவரை, ராசியில்லாதவர்னு உள்ளே விடலை. இந்த நாட்டுல அதிகபட்ச தண்டனையே முப்பது வருஷம்தான், எனக்கு ஐம்பது வருஷம்னு அவர் சொன்னதா எழுதியிருக்காங்க. 2000ல இறந்து போனார்.

"ஏழுக்கு ஒரு தடவை தோற்கலாம்"னு மனசுல இருக்கிற ஊர், தோத்தா அழும், மறுநாள் வேலைக்குப் போகும். "நிச்சயம் ஜெயிப்போம்"னு சொல்லி வளர்க்கப்பட்ட ஊருக்குத் தோல்விக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுது. நடக்கவே முடியாதது நடந்துடுச்சுன்னா யாரோ செஞ்சிருக்கணும் இல்லையா? நிச்சயத்தை வித்தவன் தப்பிச்சுடுவான், களத்துல நின்னவன் மாட்டிப்பான்.

1993 செப்டம்பர்ல கொலம்பியா பியூனஸ் ஐரிஸ்லயே அர்ஜென்டினாவை 5-0ன்னு நொறுக்கினதும், 1994 உலகக் கோப்பைக்கு அவங்களைத்தான் பெலேவே கைகாட்டினார். (2000க்குள்ள ஒரு ஆப்பிரிக்க நாடு கோப்பையை வெல்லும்னு சொன்ன அதே பெலே.) ஜூன் 22ல அமெரிக்காகூட ஆடின ஆட்டத்துல ஆந்த்ரெஸ் எஸ்கோபார் கால்ல பட்டு ஒரு சேம்சைடு கோல். 2-1 தோல்வி, கொலம்பியா முதல் சுற்றோட வெளியே. பத்தாவது நாள் மெடலின் நகரத்துல எஸ்கோபாரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. வயசு 27. கிட்டத்தட்ட என் வயசு. சுட்டது முன்னோட்டம் எழுதினவன்னு நான் சொல்லலை. அந்தக் கொலைக்குப் பின்னால வேற இருட்டெல்லாம் இருந்தது. ஆனா ஒரு அணி தோற்கறதை மன்னிக்க முடியாத துரோகமா ஆக்கற வேலையில "ஜெயிச்சே தீரும்" எழுத்துக்குப் பங்கே இல்லைன்னு யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம்.

அப்போ எப்படித்தான் எழுதறது?

திட்டிட்டு ஓடிப்போனா அது நியாயம் இல்லை. என் கோரிக்கை நாலே நாலு.

ஒண்ணு: மூணு எண் கொடுங்க. வெற்றி, டிரா, தோல்வி. கூட்டினா நூறு வரணும்.

ரெண்டு: இப்ப களத்துல இறங்கப் போறவங்களைப் பத்தி எழுதுங்க. அவங்க ஆடாத ஆட்டத்தோட சரித்திரம் எழுதினா "சுவைக்காக மட்டும்"னு ஒரு வரி சேருங்க.

மூணு: உங்க எண் எதனால மாறும்னு சொல்லுங்க. இன்னார் ஆடலைன்னா எத்தனை குறையும்?

நாலு: ஆட்டம் முடிஞ்சதும் பழைய எண்ணை எடுத்து மேல போட்டுட்டு அப்புறம் காரணம் எழுதுங்க.

உதாரணத்துக்கு, 2014 ஜூலை 7 அன்னிக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிருந்ததை மட்டும் வெச்சு இப்படி எழுதியிருக்கலாம்: "தரவரிசையில ஜெர்மனி 2, பிரேசில் 3, ஏறக்குறைய சமம். ரெண்டு அணியும் ஒரு 120 நிமிஷ ஆட்டம் ஆடிட்டு வருது, கடைசியா ஆடினது ரெண்டுமே ஜூலை 4, அதனால களைப்பு வாதம் ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போகுது. சொந்த மண் பிரேசிலுக்குக் கொஞ்சம் கூட்டும். நெய்மாரும் சில்வாவும் இல்லாதது கொஞ்சம் குறைக்கும், அதுல சில்வாவோட இடம் இன்னும் கவலை. 90 நிமிஷத்துல பிரேசில் 38, டிரா 27, ஜெர்மனி 35. பிரேசில் தோத்தா அது அதிசயம் இல்லை." அவ்வளவுதான். 7-1 வரும்னு இதுல இல்லை, யாராலயும் சொல்லியிருக்க முடியாது. ஆனா இதைப் படிச்சுட்டு ஆட்டம் பார்த்தவன் மறுநாள் துரோகியைத் தேடிக்கிட்டு அலைய மாட்டான்.

"இதுல ஸ்வாரஸ்யம் எங்கே?"ங்கறவங்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை. எட்டே முக்கால் சதவிகிதம்னு தெரிஞ்சு சவுதி ஆட்டத்தைப் பாருங்க. 53வது நிமிஷம் அல் தவ்சாரி நாலு பேரை வெச்சுக்கிட்டுத் திரும்பி அடிக்கிற அந்தப் பந்துக்கு எவ்வளவு எடைன்னு அப்பத்தான் புரியும். எண் தெரியாதவனுக்கு அது ஒரு கோல். தெரிஞ்சவனுக்கு, பன்னிரண்டுல ஒரு நாள் தன் கண்ணு முன்னாடி விடியறது.

அடுத்த முன்னோட்டம் எழுதப் போற அண்ணாத்தைகளே, அஞ்சாவது வரியை அழிச்சுட்டு அங்க ஒரு எண்ணைப் போடுங்க. இருபது ஆட்டம் கழிச்சு உங்க நோட்டையும் என் நோட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். நடுவுல ஒரு ரூபா காசையும் வெச்சுக்கலாம்.